கடலோடு போகாத கடை

மட்டக்களப்பில் ஒரு பழைய கடை என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பதிலில் ஒன்றுதான் வரும். சூறாவளியில் போனது, பிரச்சினைக்குள், அதாவது யுத்தத்துக்குள் போனது, சுனாமியில் போனது. மூன்றும் பொய்யில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த காற்றில் தென்னைகளே முறிந்து விழுந்தபோது கிடுகுக் கூரைக் கடைகள் எந்த மூலைக்கு? 2004 டிசம்பர் 26 காலையில் நாவலடியும் கல்லடித் திருச்செந்தூர்க் கரையும் என்ன ஆயின என்பதை, சரிந்துபோன அந்தக் கோயில் கோபுரத்தைப் பார்த்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சில வருடங்களாக, சின்ன வயதில் நாங்கள் தின்ற, குடித்த, வேலையில்லாமல் குந்தியிருந்த இடங்களைப் பற்றி விசாரித்து ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அந்த மூன்று பதிலையும் கேட்டவுடன் எழுதிவிடாமல் இன்னொருவரிடமும் விசாரிப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. ஏன் என்று சொல்ல ஒரு கடையின் கதை போதும்.

எங்கள் வீடு கல்லடியில். அப்பா வேலை செய்த கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், புளியந்தீவில், ஒல்லாந்தர் கோட்டைக்குள். சைக்கிளின் முன்பாரில் என்னை இருத்திக்கொண்டு அவர் கல்லடிப் பாலத்தைக் கடந்த காலத்தில் அங்கே பழைய இரும்புப் பாலம் மட்டும்தான். புத்தகங்களில் அதற்கு லேடி மெனிங் பாலம் என்று பெயர். எங்களுக்கு அது பாலம், அவ்வளவுதான். ஒடுங்கிய பாலம். பெரிய வாகனம் இரண்டு எதிரெதிரே போக இடமில்லை, ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் நிற்க வேண்டும். லொறிக்காரரும் பஸ்ஸில் வந்தவர்களும் அப்படி நின்ற நேரத்தில்தான் பாலத்தடித் தேத்தண்ணிக் கடைகள் பிழைத்தன. 2013இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். நல்லதுதான், யாரும் நிற்கத் தேவையில்லை. நிற்காதவர் தேத்தண்ணி குடிப்பதும் இல்லை.

நான் சொல்லவந்த கடை புதிய பாலத்துக்கு வெகு முன்னாலேயே போய்விட்டது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு நீள வாங்கு, சல்லி போடும் லாச்சி வைத்த மேசை, கண்ணாடி அலுமாரி. அலுமாரிக்குள் பருப்பு வடை, வாய்ப்பன், சூசியம், முதலை மாதிரி வளைத்துச் சீனி தூவிய கிம்புலா பணிஸ். தேத்தண்ணி கேட்டால் கூடவே ஒரு கோப்பையில் பலகாரத்தைக் குவித்துக்கொண்டு வந்து வைப்பார்கள். வேண்டியதைத் தின்னலாம். எழும்பும்போது மிச்சத்தை எண்ணிக் கணக்குச் சொல்வார் முதலாளி. தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தாலும் கணக்கில் வரும் என்று அப்பா வெருட்டி வைத்திருந்ததால் நான் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

காலையில் அப்பம். முதலாளியின் மனைவி பின்பக்கத்தில் அடுப்புகளை வரிசையாக மூட்டி, கீழே விறகும் மேலே மூடியில் சிரட்டைத் தணலுமாகச் சுடுவார். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மா. அதற்குச் சம்பல்: செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு, கடைசியில் தேசிக்காய்ப் புளி. அம்மியில் அரைத்தது. அந்தச் சம்பலுக்காகவே ஆரையம்பதியிலிருந்து சைக்கிள் உழக்கி வந்தவர்கள் உண்டு என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது நல்ல சம்பல்.

இந்தக் கடையைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "அது சுனாமியோட போயிற்று." என் அக்காவும் அப்படித்தான் சொன்னா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், அந்த வருடம் நான் ஊரில் இல்லை. பிறகு ஒருநாள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கலியாண வீட்டில், முன்பு மண்முனைத் துறையால் விறகு கொண்டுவந்து கல்லடிப் பக்கத்துக் கடைகளுக்குப் போட்ட ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் சாப்பிட இருந்தேன். பேச்சு கடைக்குப் போனது. அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"அது கடலோட போகல்ல மகன். அதுக்கு முந்தின வருசமே அடச்சிட்டாங்க. அந்த மனிசிக்கு முழங்கால் ஏலாமப் போயிற்று. அம்மியடியில குந்த ஏலாது. ஆரு சம்பல் அரைக்கிற?"

மகன்மார் வெளிநாட்டில். மருமகள் ஒருத்தி மிக்சி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதில் அரைத்த சம்பலோடு கொஞ்ச நாள் நடந்ததாம், ஆட்கள் முகம் சுளித்தார்களாம். விறகு எடுப்பது பாதியாகக் குறைந்தது, பிறகு நின்றது. கடலடித்தபோது அங்கே இருந்தது பூட்டிய வெறுங்கட்டடம். அதைத்தான் கடல் கொண்டுபோனது.

விறகுக்காரருக்கு இது தெரிந்திருந்தது, அவருடைய கணக்கில் அது விழுந்தது என்பதால். சாப்பிட்டவர்களுக்கு ருசி ஞாபகம் இருக்கும், முகம் ஞாபகம் இருக்கும், கடை எப்போது இறங்குமுகமானது என்பது தெரியாது. ஆகவே பழைய கடை ஒன்றைப் பற்றி உண்மையாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், முதலில் வாடிக்கையாளரிடம் போகாமல் கடைக்குச் சாமான் போட்டவர்களைத் தேடுங்கள். விறகு போட்டவர், தயிர்ச்சட்டி கொண்டுவந்தவர், வாவியில் பிடித்த மீனை விடியக்காலையில் பின்கதவால் கொடுத்தவர், பேக்கரியில் பணிஸ் அடித்தவர். கடையில் கோப்பை கழுவிய பொடியன்கள் இப்போது அறுபது வயதுக்காரர்களாக இருப்பார்கள், அவர்கள் இன்னும் நல்லது. முதலாளியின் பிள்ளைகள் அவ்வளவு உதவ மாட்டார்கள். அவர்கள் அப்பாவைப் பற்றித்தான் சொல்வார்கள், கடையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். அது இயல்பு.

கேட்கும் கேள்வியும் முக்கியம். "அப்ப வடை என்ன விலை?" என்று கேட்டால் ஆளுக்கொரு விலை வரும், அதை வைத்தே அரைமணி நேரம் சண்டையும் வரும். "ஒரு ரூபாய் தந்து அனுப்பினால் என்னென்ன வாங்கித் தின்றீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சதுரமான 5 சதக் குத்தியும், ஓரம் நெளிந்த 2 சத, 10 சதக் குத்தியும் ஞாபகம் வரும். குத்தி ஞாபகம் வந்தால் அதை எந்தக் கடையில் கொடுத்தோம் என்பதும் வரும். அதேபோல் "அந்தக் கடை எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்ல கடை" என்பார்கள், அத்தோடு முடிந்தது. "நீங்கள் எந்த வாங்கில் இருப்பீர்கள், எதிரே என்ன தெரியும்?" என்று கேட்டால் அலுமாரி எங்கே, கை கழுவும் தொட்டி எங்கே, ரேடியோ எந்தத் தட்டில் என்று ஒவ்வொன்றாக வரும். முடிந்தால் இரண்டு பேரை ஒன்றாக இருத்திக் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். அந்த மறுப்பில்தான் சரக்கு இருக்கிறது.

சரி, எல்லாக் கடையும் முழங்காலால் போகவில்லை. பிரச்சினையால் போனவை உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது இனிப்புப் பூசிய கதையாகிவிடும்.

பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குக் கொத்து ரொட்டி தின்னப் போவது எங்கள் வீட்டில் பெரிய விஷயம். கொத்து கிழக்கில்தான் பிறந்தது என்று இங்கே எல்லாரும் சொல்வோம், திருகோணமலைக்காரரும் தங்களுடையது என்பார்கள், அந்த வழக்கு தீராது. சம்பள நாளில் அப்பாவும் அவரோடு கச்சேரியில் வேலை செய்த ஒரு காக்காவும் (முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் கூப்பிடுவோம்) சைக்கிள்களை ஒன்றாக உருட்டிக்கொண்டு போவார்கள், நான் பின்கரியரில். தகட்டில் இரண்டு கத்தியும் அடிக்கும் சத்தம் ரோட்டிலேயே கேட்கும். அடிக்கிறவருடைய தாளத்தை வைத்து இன்றைக்கு யார் நிற்கிறார் என்று காக்கா சொல்லிவிடுவார். வீச்சு ரொட்டியை அடித்து, காற்றில் வீசி, மடித்துப் போடும் வேகத்தைப் பார்க்கவே நான் வாசலோரத்துக் கதிரைக்குச் சண்டை பிடிப்பேன். மாட்டிறைச்சிக் கொத்து தின்றதை அம்மம்மாவிடம் சொல்லக் கூடாது என்பது எனக்கும் அப்பாவுக்கும் இடையிலான ஒப்பந்தம். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவச் சொல்வார். அம்மம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது அவர் செத்தபிறகு அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்களும், செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்களும் கொல்லப்பட்ட பிறகு, கல்லடியிலிருந்து காத்தான்குடிக்குப் போகும் அந்த நாலைந்து கிலோமீற்றர் ரோடு வேறு ரோடாகிவிட்டது. அதன்பின் வெகு காலம் நாங்கள் அங்கே போகவில்லை, அவர்களும் இந்தப் பக்கத்துக் கடைகளில் வந்து இருக்கவில்லை. கடைகள் அங்கேயே இருந்தன, எங்களுக்கு மட்டும் இல்லாமல் போயின. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் போகத் தொடங்கினோம். அப்போது அந்தக் கடையில் வேறு ஆட்கள், மேசை எல்லாம் புதிது, விலைப்பட்டியலில் சீஸ் கொத்து. ஆகவே "காணாமல் போன கடை" என்று எழுதும்போது யாருக்குக் காணாமல் போனது என்றும் எழுத வேண்டியிருக்கிறது. காத்தான்குடியில் இருக்கிற என் வயதுக்காரர் ஒருவர், கோட்டைமுனைப் பக்கத்துச் சைவக்கடை ஒன்றின் உளுந்து வடையைப் பற்றி இதே மாதிரிச் சொன்னார். அந்தக் கடை அதன்பின்னும் பல வருடம் நடந்தது. அவருக்கு அது 1990இல் மூடப்பட்ட கடை.

இப்படி இரண்டு பக்கமும் கேட்காமல் மட்டக்களப்புக் கடைகளைப் பற்றி யாராவது எழுதினால் அது அரைவாசி ஊரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டுக் கடை அல்லாத இடங்களும் உண்டு. வாசிகசாலை, சலூன், ரயில் நிலையத்தடி. கொழும்பிலிருந்து வீரகேசரியும் தினகரனும் ரயிலில் வந்திறங்கும் நேரம் பார்த்து ஆட்கள் கூடுவார்கள். சலூனில் ஒரே பேப்பரை நான்கு பேர் நான்கு தாளாகப் பிரித்து வாசிப்பார்கள். முடி வெட்டுகிறவர் வேலையை நிறுத்தாமலே உரத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின் எந்தக் கடையில் டிவி இருக்கிறதோ அந்தக் கடை நிறைந்தது, மற்றது வெறிச்சோடிப்போனது. கூல்பார்கள் பெரிய வகுப்புப் பொடியன்களின் ராச்சியம். பலூடா வாங்கச் சல்லி இருக்காது, ஒரு சர்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு டியூஷன் விடும் நேரம் வரை இருப்பார்கள். கூல்பார்க்காரரும் விரட்ட மாட்டார், அவருக்கும் ஒரு காலத்தில் அது நடந்திருக்கும். வெபர் மைதானத்து மதிலைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது, விடுகிறேன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் போடும் கச்சான் கடையும் ஐஸ்பழ வண்டிலும் வருடத்தில் சில நாள்தான் என்றாலும் இன்னும் இருக்கின்றன என்பது ஆறுதல்.

இனி, ஆதாரம் தேடுவது பற்றி. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது தேத்தண்ணிக் கடையை யாரும் படம் எடுக்கவில்லை. பிலிம் ரோல் கலியாணத்துக்கும் சாமத்தியத்துக்கும்தான். ஆகவே கலியாண அல்பங்களைக் கேட்டு வாங்குங்கள். மாப்பிள்ளையைப் பார்க்காமல் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் இருக்கும் ரோட்டைப் பாருங்கள். கடைவாசல், படிக்கட்டு, சோடாப் பெட்டிகள், சில நேரம் பெயர்ப்பலகையின் பாதி எழுத்துகூடக் கிடைக்கும். படம் எடுத்த வருடமும் அல்பத்தில் எழுதியிருக்கும்.

இரண்டாவது இடம் மலர்கள். பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், விளையாட்டுக் கழக மலர் எல்லாவற்றிலும் கடைசிப் பக்கங்கள் விளம்பரம்தான். "சுத்தமான சைவ உணவுகளுக்கு", "சுவையான சிற்றுண்டிகளுக்கு" என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். கடையின் பெயர், தெரு, தொலைபேசி எல்லாம் இருக்கும். தொலைபேசி இலக்கமே காலத்தைக் காட்டும். இரண்டு மூன்று இலக்கத்தோடு முடிந்தால் பழைய விளம்பரம், 065இன் பின்னால் ஏழு இலக்கம் வந்தால் அண்மைக்காலம். இந்த மலர்களைத் தேடி வீடு வீடாக அலையத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தில் இலங்கைத் தமிழ் மலர்கள் ஏராளமாகக் கிடக்கின்றன, இலவசமாக வாசிக்கலாம். எல்லாரும் ஆசியுரையையும் வாழ்த்துச் செய்தியையும் பார்த்துவிட்டு மூடுவார்கள். நீங்கள் பின்னாலிருந்து வாசியுங்கள்.

அடுத்து ஒரு வரைபடம். பெரிய தாளில் ஒரு தெருவைக் கீறி, மாறாமல் இருக்கிற கட்டடங்களை, அதாவது பள்ளிக்கூடம், சேர்ச், கோயில், மணிக்கூட்டுக் கோபுரம் போன்றவற்றை முதலில் போட்டுவிட்டு இடையில் உள்ள கதவுகளை வரிசையாக நிரப்பச் சொல்லுங்கள். பென்சிலால் மட்டும். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினால் ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் வரும். டொரொன்டோவில் இருக்கிற என் மச்சான், ஊருக்கு வந்தால் வழி கேட்கிற ஆள், ஒரு தெருவின் ஒரு பக்கம் முழுவதையும் கதவு தவறாமல் சொன்னான்.

ருசியை மீட்கலாமா என்றால், ஓரளவுக்கு. அந்தச் சம்பலை நானும் மனைவியும் பலமுறை அரைத்துப் பார்த்தோம். சாமான் அளவை மாற்றிக்கொண்டே இருந்தோம், வரவில்லை. பிறகுதான் அந்தக் கடையில் முன்பு வேலை செய்த அக்கா ஒருவர் சொன்னா, மிளகாயையும் உப்பையும் முதலில் தண்ணீர் விடாமல் நன்றாக அரைத்துவிட்டு, மாசியை அடுத்தும், வெங்காயத்தைக் கடைசியிலும் வைத்து நசுக்கத்தான் வேண்டும், அரைக்கக் கூடாது என்று. மிக்சியில் முகம் சுளித்தவர்களின் குறை அதுவாகத்தான் இருக்கும். வெங்காயம் கூழாகித் தண்ணீர் விட்டுவிடும். அம்மி இல்லாதவர்கள் உரலில் இடிக்கலாம். ஆகவே சமையல்முறை கேட்கும்போது என்ன, எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். எது முதலில், எந்தப் பாத்திரத்தில், எந்த நெருப்பில் என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் அளவு நூறு பேருக்கானது. அதை வீட்டுக்குப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் உப்பும் புளியும் கணக்குப்படி குறையாது, நாக்கில்தான் பார்க்க வேண்டும்.

அப்பம் மட்டும் எங்களுக்குச் சரிவரவே இல்லை. காஸ் அடுப்பில் மேல் நெருப்பு கிடையாதே. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில் வீட்டுக்குப் பின்னால் கல் மூன்றை வைத்து விறகு மூட்டினோம், அப்போது ஓரளவு நெருங்கியது. அந்த வருடம் பற்றிச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூறாவளி, யுத்தம், சுனாமி எல்லாம் தாண்டி நின்ற சின்னக் கடைகள் சில அந்த வருடத்தில் மூடின. காஸ் இல்லை, பால்மா இல்லை, மார்ச்சில் ஒரு பால் தேத்தண்ணி 100 ரூபாய்க்கு வந்தது. வெறுந்தேத்தண்ணியோடு தாக்குப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள். விறகடுப்பை இடிக்காமல் வைத்திருந்த கடைகள் தப்பின. இன்னும் முப்பது வருடத்தில் யாராவது விசாரித்தால் அந்த மூடிய கடைகளுக்கும் நாலாவது பதிலாக "காஸ் பஞ்சத்தில் போனது" என்று சொல்வார்கள். முழங்கால், வாடகை முற்பணம், கடையில் நிற்க விருப்பமில்லாத மகன், எல்லாம் அதற்குள் மறைந்துவிடும்.

அதனால் இப்போது நான் போன கடைகளை விட இருக்கிற கடைகளுக்கே அதிகம் போகிறேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கதை கேட்டால் யாருக்கும் பிடிக்காது. பின்னேரம் மூன்று மணிக்குப் போங்கள். சோறு முடிந்து, வடைக்கு எண்ணெய் வைக்கும் முன் ஒரு இடைவெளி இருக்கும், முதலாளியே வெளியே வந்து வாங்கில் இருப்பார். ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கொப்பியை எடுத்தவுடன் மேசைக்கு மேல் வைத்தால் வரிக்கணக்குப் பார்க்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். பெயர்ப்பலகையையும் அடுப்படியையும் படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். குடும்பச் சங்கதி ஏதும் சொன்னால் அது உங்களோடு இருக்கட்டும், இணையத்தில் போட வேண்டாம். கேட்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதைச் சுடுவது யார், அவருக்குப் பிறகு யார்?"

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தொழுகை முடியும் வரை கடைகள் பூட்டியிருக்கும், வெயிலில் நிற்க வேண்டி வரும்.